மோட்டோ குட்ஸி வி7: வாங்குவதிலிருந்து டேப்பட் வைப்பது வரை

இத்தாலியின் மோட்டோ குட்ஸி நிறுவனம் செய்யும் வி7 பைக்கின் எதிரே நின்று பார்த்தால், டேங்குக்கு இரண்டு பக்கமும் இரண்டு சிலிண்டர்கள் காது விரித்தாற்போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அழகுக்காக அப்படி வைக்கவில்லை. இந்த என்ஜினில், பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்ட் வண்டியின் நீளவாக்கில் படுத்திருக்கிறது. அதனால் 90 பாகையில் விரிந்த இரண்டு சிலிண்டர்களும் ஓடும்போது நேராகக் காற்று வாங்குகின்றன. கிராங்குக்குப் பின்னால் கிளட்ச், அதற்குப் பின்னால் கியர்பாக்ஸ், அங்கிருந்து ஷாஃப்ட், கடைசியில் பின்சக்கரம்: எல்லாம் முன்னிருந்து பின்னாக வரிசையாக வருகின்றன. செயினும் கிடையாது, ரேடியேட்டரும் கிடையாது. இந்த அமைப்பை மனதில் வாங்கிக்கொண்டவருக்கு வி7ஐ வீட்டு முற்றத்திலேயே பராமரிப்பது பெரிய காரியமல்ல. இன்று விற்பனையில் இருக்கும் பழைய பாணி வண்டிகளில், உரிமையாளரே கை வைத்து வேலை பார்க்க இவ்வளவு இடம் கொடுப்பவை மிகச் சில.

நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று திருகினால் வண்டி வலப்பக்கமாக ஓர் உலுக்கு உலுக்கும். முதல்முறை பார்ப்பவர்கள் என்ஜின் மவுண்ட் போய்விட்டதோ என்று பயப்படுவார்கள். நீளவாக்கில் சுழலும் கிராங்க் சட்டென்று வேகமெடுக்கும்போது வண்டியின் உடம்பு எதிர்ப்பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான். ஓடத் தொடங்கியபின் தெரியாது.

வண்டியில் எழுதியிருக்கும் வரலாறு

இத்தாலியின் வடக்கே, கோமோ ஏரியின் லெக்கோ கிளைக்கரையில், கிரிஞ்ஞா மலைக்குக் கீழே மாண்டெல்லோ டெல் லாரியோ என்ற சிற்றூர். 1921 முதல் இன்றுவரை குட்ஸி வண்டிகள் அங்கேதான் உருவாகின்றன. முதல் உலகப்போரில் இத்தாலிய வான்படையில் சேர்ந்திருந்த மூன்று பேர் போட்ட திட்டம் இது: மெக்கானிக் கார்லோ குட்ஸி, விமானி ஜோர்ஜோ பரோடி, பந்தய வீரரும் விமானியுமான ஜொவான்னி ரவெல்லி. போர் முடிந்த மறு ஆண்டே, 1919இல், விமான விபத்தில் ரவெல்லி இறந்துவிட்டார். டேங்கில் இன்றும் சிறகு விரித்திருக்கும் கழுகு அவர் நினைவாக வைத்தது.

பணம் வந்தது ஜெனோவாவில் கப்பல் தொழில் செய்த ஜோர்ஜோவின் தந்தை இமானுவேலே விட்டோரியோ பரோடியிடமிருந்து. 1919 ஜனவரியில் மகனுக்கு எழுதிய கடிதத்தில், சோதனை முயற்சிக்கு 1,500 அல்லது 2,000 லிரா தருகிறேன், அதற்குமேல் ஒரு காசும் கூடாது, வடிவமைப்பை நானே பார்த்த பிறகுதான் மேற்கொண்டு பேச்சு என்று கறாராகச் சொல்லியிருந்தார். 1921 மார்ச் 15 அன்று நிறுவனம் பதிவானது. முதல் வண்டி நோர்மாலே: 500 சிசி, கிடைமட்டமாக முன்னோக்கிப் படுத்த ஒற்றைச் சிலிண்டர், 8 குதிரைத்திறன். அந்தப் படுக்கைச் சிலிண்டர் வடிவத்தைத்தான் பல பத்தாண்டுகள் நிறுவனம் விடாமல் பிடித்திருந்தது.

1928இல் கார்லோவின் அண்ணன் ஜுசெப்பே, பின்சக்கர சஸ்பென்ஷன் வைத்த ஜிடி வண்டியில் ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி ஓட்டிக் காட்டினார். அந்த வண்டிக்கு 'நோர்கே' (நார்வே) என்ற பெயர் அப்படி வந்தது. பின்சக்கர சஸ்பென்ஷன் இருந்தால் வண்டி நிலைகொள்ளாது என்று பலர் நம்பிய காலம் அது. 1935இல் ஐல் ஆஃப் மேன் டிடி பந்தயத்தில் ஸ்டான்லி வுட்ஸ் அதே யோசனையில் கட்டிய குட்ஸியில் லைட்வெயிட், சீனியர் இரண்டு பிரிவுகளையும் வென்றதும் அந்தப் பேச்சு அடங்கியது. 1950இல் மாண்டெல்லோ ஆலைக்குள்ளேயே முழு வண்டியும் ஓட்டுநரும் நிற்கும் அளவுக்குக் காற்றுச்சுரங்கம் கட்டினார்கள். 1955இல் ஜூலியோ சேசரே கர்கானோ 500 சிசிக்குள் எட்டு சிலிண்டர்களை அடக்கி ஒரு பந்தய வண்டி செய்தார். 1957 முடிவில் பந்தயத்தை விட்டு விலகியபோது நிறுவனத்தின் கணக்கில் 14 உலகப் பட்டங்கள் இருந்தன.

அதே கர்கானோ வரைந்ததுதான் 90 பாகை இரட்டைச் சிலிண்டர் என்ஜின். 703 சிசி கொள்ளளவோடு 1965இல் மிலான் கண்காட்சியில் வி7 என்ற பெயரில் வந்தது, 1967இல் விற்பனைக்கு இறங்கியது. 1971இல் லீனோ தோன்ட்டி அதை வி7 ஸ்போர்ட் ஆக்கினார். அவர் செய்த முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. பழைய வி7இல் என்ஜின் தலைமேல் பெல்ட் ஓட்டும் டைனமோ உட்கார்ந்திருந்தது. அதை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டரைக் கிராங்கின் முன்முனையில் பொருத்தினார். மேலே இடம் கிடைத்ததும், இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே தாழ்வாக ஒரு சட்டகத்தை ஓட்டினார். இன்றைய வி7இன் முன்னால் குனிந்து பார்த்தால் சிலிண்டர்களுக்கிடையே ஒரு வட்ட மூடி தெரியும். அதற்குள் ஆல்டர்னேட்டர் அதே இடத்தில்தான் இருக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இன்றைய வி7இன் என்ஜின் 1967 என்ஜினின் நேரடி வாரிசல்ல. 1977இல் வி35, வி50 வண்டிகளுக்காகத் தோன்ட்டி வரைந்த சிறிய பிளாக் என்ஜினின் வழி வந்தது. 'பெரிய பிளாக்', 'சிறிய பிளாக்' என்று குட்ஸிக்காரர்கள் பிரித்துப் பேசுவது இதைத்தான். இரண்டுக்கும் உதிரிபாகம் ஒன்றுக்கொன்று சேராது. பழைய வி7 ஸ்போர்ட்டுக்கான கேஸ்கெட்டைப் பெயர் பார்த்து வாங்கி ஏமாறாதீர்கள்.

நிறுவனத்தை 1973இல் டெ டோமாஸோ வாங்கினார், 2000இல் ஏப்ரிலியா, 2004 இறுதியில் பியாஜோ. கை மாறினாலும் ஆலை ஊர் மாறவில்லை.

எந்தத் தலைமுறை வண்டி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

எண்ணெய் அளவு, வால்வ் இடைவெளி, டேங்க், கியர் எண்ணிக்கை எல்லாமே தலைமுறைக்குத் தலைமுறை மாறும். சேசிஸ் எண் இசட்-ஜி-யு என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கினால் அது குட்ஸி. அதைக் கொடுத்தே பாகங்களைக் கேளுங்கள்.

2008இல் வந்த வி7 கிளாசிக்: 744 சிசி, ஐந்து கியர், இரண்டு த்ராட்டில் பாடி (என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்), பிளாஸ்டிக் டேங்க். 2012இல் என்ஜினைப் பெரிதாகத் திருத்தி ஒரே த்ராட்டில் பாடியும் இரும்பு டேங்கும் கொடுத்தார்கள். ஸ்டோன், ஸ்பெஷல் பெயர்கள் இதிலிருந்து. 2015இன் வி7 II-இல் ஆறு கியர், ஏபிஎஸ், டிராக்ஷன் கட்டுப்பாடு சேர்ந்தன. கால் முட்டி சிலிண்டரில் இடிக்காமலிருக்க என்ஜினை 4 பாகை முன்னே சாய்த்து 10 மி.மீ. கீழே இறக்கினார்கள். 2017இன் வி7 III-இல் சிலிண்டர் ஹெட்டே புதிது: வால்வுகள் சாய்வாக நிற்கும் அரைக்கோள அறை, 52 குதிரைத்திறன். 2021இல் 853 சிசி, 65 குதிரைத்திறன், 73 நியூட்டன்மீட்டர், 150 அகலத்தில் பின்டயர்.

செலவுக்கும் சுகத்துக்கும் நடுவே ஒன்றைச் சொல்லச் சொன்னால் வி7 III. வீட்டில் வேலை பழக ஏற்றது 2012 முதல் 2014 வரையிலான ஐந்து கியர் வண்டி, அதில் எலக்ட்ரானிக்ஸ் மிகக் குறைவு. நெடுஞ்சாலையில் இருவராகப் போகிறவர்கள் தயங்காமல் 853க்குப் போகலாம். மேட்டில் அந்தக் கூடுதல் இழுவை நன்றாகவே தெரியும்.

பழைய வண்டி வாங்கும்போது

விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். போனதும் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார் என்று அர்த்தமில்லை, ஆனால் இன்னொரு நாள் வருவது நல்லது. ஆறிய என்ஜின்தான் உண்மை பேசும்.

என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடிப்பகுதியை டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே எண்ணெய் ஈரம் இருந்தால், கிராங்கின் பின்பக்கச் சீலோ கியர்பாக்ஸின் முன்பக்கச் சீலோ கசிகிறது. சீல் விலை சொற்பம். ஆனால் அதை மாற்ற வண்டியை நடுவில் பிரிக்க வேண்டும், கூலி பல மணி நேரத்துக்கு ஏறும். அதைவிட மோசம், வி7இன் கிளட்ச் கார்களில் இருப்பதுபோல உலர்ந்த ஒற்றைத் தட்டு. அதன்மேல் எண்ணெய் பட்டால் தட்டே வீண். ஓட்டிப் பார்க்கும்போது மேல் கியரில், 3,000 சுழற்சியில், மேட்டில் முழு ஆக்சிலேட்டர் கொடுங்கள். முள் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது.

பின்சக்கரத்தின் உள்விளிம்பையும் டயர் பக்கவாட்டையும் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் கந்தக நெடியோடு கருப்பு எண்ணெய் ஒட்டினால் அது பெவல் பாக்ஸிலிருந்து, அதாவது ஷாஃப்ட்டின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குத் திருப்பிவிடும் கியர் பெட்டியிலிருந்து, வருவது. 2008 முதல் 2011 வரையிலான கிளாசிக் என்றால் டேங்கின் அடிவிளிம்பை விரலால் தடவுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் நெடுநாள் நின்றால் பிளாஸ்டிக் ஊதும். ஊதிய டேங்க் திரும்பப் பொருத்தும்போது போல்ட் துளையில் சேராது.

முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு ஹேண்டிலை மெதுவாக இடவலமாகத் திருப்புங்கள். நடுவில் 'டக்' என்று ஓரிடத்தில் நின்றால் ஸ்டியரிங் பேரிங் பள்ளம் விழுந்துவிட்டது. கடைசியாக, சேசிஸ் எண்ணைக் கொடுத்து, நிறுவனம் அறிவித்த திருத்த வேலைகள் எதுவும் பாக்கி உண்டா என்று அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணெய் மாற்றுவது

புது வண்டிக்கு முதல் சர்வீஸ் 1,500 கி.மீ.-இல், பிறகு ஒவ்வொரு 10,000 கி.மீ.-க்கும். ஆண்டுக்கு 3,000 கி.மீ. மட்டுமே ஓட்டுகிறவர்கள் கிலோமீட்டரைப் பார்க்காமல் ஆண்டுக்கொரு முறை மாற்றிவிடுங்கள்.

744 என்ஜினுக்கு ஃபில்டரோடு சேர்த்து ஏறத்தாழ 2 லிட்டர், 10டபிள்யூ-60 கிரேடு. காற்றால் மட்டும் குளிரும் என்ஜின் இது. நெரிசலில் நிற்கும்போது எண்ணெய் நன்றாகச் சூடாகும், அந்தச் சூட்டிலும் கெட்டித்தன்மை விடாமலிருக்கத்தான் 60. விலை குறைவு என்று 10டபிள்யூ-30 ஊற்றுவது தவறு.

பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு வண்டியை பேடாக் ஸ்டாண்டில் நிமிர்த்துங்கள். சம்ப் (என்ஜின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) போல்ட்டைக் கழற்றிக் கால்மணி நேரம் வடியவிடுங்கள். போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். பழைய வாஷர் நசுங்கியிருக்கும், அதை வைத்து இறுக்கினால் கசியும், கசிகிறதே என்று மேலும் இறுக்கினால் அலுமினிய சம்ப்பில் மரை போய்விடும். ஃபில்டர் அடியில், சம்ப்புக்குள் பதிந்திருக்கிறது. சாதாரணப் பட்டைக் குறடு உள்ளே நுழையாது, கிண்ணம் போன்ற ஃபில்டர் ஸ்பேனர்தான் வேண்டும். புது ஃபில்டரின் ரப்பரில் எண்ணெய் தடவிக் கையால் இறுக்குங்கள்.

முதலில் 1.7 லிட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஒரு நிமிடம் என்ஜினை ஓடவிட்டு நிறுத்தி, ஐந்து நிமிடம் காத்திருந்து, வண்டி நேராக நிற்க டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். டிப்ஸ்டிக்கைத் துடைத்து மரை முழுதும் திருகி உள்ளே விட்டு எடுத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். சும்மா துளையில் வைத்துப் பார்த்தால் குறைவாகக் காட்டும். அதை நம்பி மேலும் ஊற்றுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. அளவு இரண்டு கோடுகளுக்கு நடுவே இருந்தால் போதும். மேல்கோட்டைத் தாண்டினால் மிச்ச எண்ணெயை என்ஜின் மூச்சுக்குழாய் வழியாக ஏர்பாக்ஸுக்குள் தள்ளிவிடும், ஏர் ஃபில்டர் ஊறிப்போகும், வண்டி மூச்சுத் திணறும்.

டேப்பட் வைப்பது

டேப்பட் வைப்பது என்றால் வால்வ் இடைவெளியைச் சரிசெய்வது. வி7இன் உரிமையாளர் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரே ஒரு வேலை இது என்றால் மிகையல்ல. பல பைக்குகளில் வால்வைத் தொட டேங்க், ரேடியேட்டர், கேம் ஷாஃப்ட் எல்லாம் கழற்ற வேண்டும். இதில் ஹெட் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு ஸ்டூல் போட்டு அமர்ந்தால் வேலை கண்மட்டத்தில் வந்துவிடும். பழகியவருக்கு முக்கால் மணி நேரம், முதல்முறைக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

தேவை: ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), அலன் கீ செட், லாக் நட்டுக்கு ரிங் ஸ்பேனர், பிளக் ஸ்பேனர், நீளமான பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல் ஒன்று, இரண்டு மூடி கேஸ்கெட், பேடாக் ஸ்டாண்ட்.

கிளாசிக் முதல் வி7 II வரையிலான 744 என்ஜின்களுக்கு இடைவெளி: இன்டேக் (உள்ளிழுக்கும் வால்வ்) 0.15 மி.மீ., எக்ஸாஸ்ட் (புகை வெளியேற்றும் வால்வ்) 0.20 மி.மீ. வி7 III-க்கும் 853-க்கும் ஹெட் வேறு, அளவும் வேறு. அந்த வண்டிகளுக்கு அவற்றின் கையேட்டில் உள்ள எண்ணையே வையுங்கள், இந்த எண்ணை எடுத்துப் போடாதீர்கள்.

1. முந்தைய இரவே வண்டியை நிறுத்திவிடுங்கள். என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டில் சிலிண்டரும் ஹெட்டும் நீளும், அப்போது வைத்த அளவு ஆறியதும் பொய்யாகிவிடும்.

2. சாவியை எடுத்துவிடுங்கள். பின்சக்கரம் தரையில் படாமல் தூக்கி, மேல் கியரில் போடுங்கள். இரண்டு பிளக்குகளையும் கழற்றுங்கள். கழற்றும் முன் பிளக் குழியில் காற்றடித்துத் தூசியை வெளியேற்றுங்கள், உள்ளே விழும் ஒரு மணல் துகள் சிலிண்டர் சுவரைக் கீறும். இப்போது பின்சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றினால் என்ஜின் சுழலும்.

3. இடப்பக்க மூடியின் அலன் போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காகத் தளர்த்துங்கள். அடியில் பழந்துணி வையுங்கள், கொஞ்சம் எண்ணெய் சொட்டும். மூடி ஒட்டிக்கொண்டால் ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டுங்கள். ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பாதீர்கள், அலுமினிய விளிம்பில் கோடு விழுந்தால் என்றைக்கும் கசியும்.

4. வால்வை அழுத்தித் திறக்கும் கைதான் ராக்கர். பின்பக்கம் த்ராட்டில் பாடி அருகே இருப்பது இன்டேக் ராக்கர், முன்பக்கம் சைலன்சர் குழாய் அருகே இருப்பது எக்ஸாஸ்ட். சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். இன்டேக் ராக்கர் வால்வை அழுத்தி, பிறகு மேலே வந்து மூடும். மூடியதும் உறிஞ்சுகுழலைப் பிளக் துளையில் விட்டு, விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு இன்னும் சுற்றுங்கள். பிஸ்டன் குழலை வெளியே தள்ளிக்கொண்டு வரும், ஓரிடத்தில் நிற்கும், பிறகு உள்ளே போகத் தொடங்கும். நின்ற இடத்துக்குத் திரும்பி வாருங்கள். அதுதான் மேல் உச்சம்.

5. இரண்டு ராக்கர்களையும் விரலால் ஆட்டுங்கள். இரண்டிலும் மெல்லிய ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டமே இல்லாமல், சக்கரத்தைத் தொட்டாலே ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் அது தவறான உச்சம். எக்ஸாஸ்ட் முடிந்து இன்டேக் தொடங்கும் இடத்தில் நிற்கிறீர்கள். கிராங்கை இன்னொரு முழுச் சுற்று சுற்றுங்கள். முதல்முறை செய்கிறவர்களில் பலர் தடுமாறும் இடம் இதுதான்.

6. 0.15 தகட்டை இன்டேக் ராக்கருக்கும் வால்வ் தண்டின் நுனிக்கும் நடுவே நுழையுங்கள். இழுக்கும்போது வெண்ணெய் தடவிய கத்தியை இழுப்பதுபோல ஒரு மெல்லிய பிடிப்பு தெரிய வேண்டும். 0.20 தகடு உள்ளே போகக் கூடாது. எக்ஸாஸ்ட்டில் 0.20 போக வேண்டும், 0.25 போகக் கூடாது. சரியாக இருந்தால் கை வைக்காதீர்கள்.

7. சரியில்லை என்றால் லாக் நட்டைத் தளர்த்தி, திருகை மிகச் சிறிதளவு திருப்பி, தகட்டை உள்ளேயே வைத்துக்கொண்டு, திருகு அசையாமல் பிடித்து நட்டை இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மறுபடி அளவு பாருங்கள். இறுக்கும்போது திருகு நூலளவு சேர்ந்து திரும்பும், இடைவெளி மாறிவிடும். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும், அது இயல்பு.

8. வலப்பக்கத்துக்கும் இதையே முதலிலிருந்து செய்யுங்கள். இந்த என்ஜினில் இரண்டு சிலிண்டர்களும் 270, 450 பாகை இடைவெளிகளில் மாறி மாறி வெடிக்கின்றன, குட்ஸியின் அந்தத் தத்தித் தத்தி வரும் ஓசை இதிலிருந்துதான் பிறக்கிறது. ஆகவே இடப்பக்கம் உச்சத்தில் இருக்கும்போது வலப்பக்கம் உச்சத்தில் இருக்காது. அதற்குத் தனியே உறிஞ்சுகுழல் வைத்துத் தேடுங்கள்.

9. மூடி விளிம்புகளைச் சுத்தம் செய்து புது கேஸ்கெட் வைத்து, போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக டார்க் ரெஞ்சால் கையேட்டு அளவுக்கு இறுக்குங்கள். பிளக்கைக் கையால் மரை பிடிக்கவிட்டு, அதன்பிறகே ஸ்பேனர் போடுங்கள்.

ஸ்டார்ட் செய்ததும் தையல் இயந்திரம்போல ஒரு மெல்லிய டிக்டிக் கேட்கும். கேட்க வேண்டும். சத்தம் பிடிக்கவில்லை என்று இடைவெளியைக் குறைத்து வைக்கிறவர்கள் உண்டு. வால்வ் தன் சூட்டை இறக்கிவைப்பது முக்கியமாக இருக்கையில் அமரும் நேரத்தில்தான். இடைவெளி இல்லாவிட்டால் அது முழுமையாக அமராது, எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு கருகத் தொடங்கும். இடைவெளி கூடிய வால்வ் கத்தி ஊரைக் கூட்டும், குறைந்த வால்வ் சத்தமில்லாமல் செத்துப்போகும்.

இரண்டு த்ராட்டில் பாடி உள்ள 2011 வரையிலான வண்டிகளில், டேப்பட் வைத்தபின் வேக்குவம் கேஜ் போட்டு இரண்டையும் சமன் செய்யுங்கள். செய்யாவிட்டால் ஐடிலில் கைப்பிடி நடுங்கும். பெயிண்ட் அடித்து முத்திரை வைத்த த்ராட்டில் நிறுத்துத் திருகை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். 2012 முதல் வந்த வண்டிகளுக்கு இந்த வேலையே இல்லை.

ஷாஃப்ட்டும் பெவல் பாக்ஸும்

செயினுக்கு எண்ணெய் போடும் வேலை மிச்சம் என்று ஷாஃப்ட்டை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். 744 வண்டிகளின் பெவல் பாக்ஸ் கொள்வது 200 மில்லிக்கும் குறைவான கியர் எண்ணெய். அவ்வளவு சொற்ப எண்ணெய் அத்தனை இழுவையையும் தாங்குகிறது. பத்தாயிரத்துக்கொரு முறை மாற்றுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஓட்டிவிட்டு வந்து சூட்டோடு வடியவிட்டு, நிலைத்துளை விளிம்பில் எண்ணெய் வந்து நிற்கும்வரை ஊற்றி மூடுங்கள். கூடுதலாக ஊற்றினால் சூட்டில் அழுத்தம் ஏறி மூச்சுத்துளை வழியாகவோ சீல் வழியாகவோ வெளியேறி டயரில் வழியும். வளைவில் அது ஆளையே கவிழ்க்கும்.

வடிகால் போல்ட்டின் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறப் பசைபோல ஒட்டியிருந்தால் சாதாரணத் தேய்மானம். நகத்தில் மாட்டும் அளவுக்குச் சில்லு கிடைத்தால் வண்டியை ஓட்டாமல் பெவல் பாக்ஸைத் திறந்து பார்க்கக் கொடுங்கள்.

பின்டயர் மாற்றும் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியது ஸ்ப்ளைன் கிரீஸ். சக்கரத்தைப் பெவல் பாக்ஸோடு இணைக்கும் பற்கள் அவை. சக்கரம் கழன்றதும் பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் துடைத்து, மாலிப்டினம் கிரீஸை மெல்லிசாகப் பூசுங்கள். அள்ளி அப்பினால் சுழற்சியில் சிதறி டிஸ்க்கில் படும். பற்களில் செம்பழுப்பாகத் துருத்தூள் இருந்தால் கிரீஸ் எப்போதோ காய்ந்துவிட்டது என்று பொருள். பல்லின் நுனி கூராகத் தெரிந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. கடையில் டயர் மாற்றக் கொடுத்தால் இதை அவர்களாகச் செய்ய மாட்டார்கள், கிரீஸ் டப்பாவை நீங்களே எடுத்துப் போங்கள்.

பட்டனை அழுத்தினால் 'டிக்' மட்டும்

சில ஆண்டுகள் ஓடிய வண்டிகளில் இது வரும். விளக்கெல்லாம் எரியும், ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினால் ஒரு டிக், அவ்வளவுதான். ஐந்தாறு தடவை அழுத்தியதும் ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். பேட்டரியை மாற்றுவார்கள், சில வாரம் நன்றாக இருக்கும், மறுபடி வரும்.

காரணம் பெரும்பாலும் பேட்டரி அல்ல. ஸ்டார்ட்டர் சொலினாய்டு, அதாவது ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்த ஸ்விட்ச், முதல் நொடியில் நிறைய மின்னோட்டம் கேட்கிறது. அது சாவி ஸ்விட்ச் வழியாக, நீண்ட மெல்லிய வயரில் வர வேண்டும். ஸ்விட்ச்சுக்குள் உள்ள கிரீஸ் காலப்போக்கில் கெட்டியாகித் தொடுமுனையில் தடை உண்டாக்கும், வோல்டேஜ் வழியிலேயே தொலைந்துபோகும். சோதிப்பது எளிது. நிறுத்திய நிலையில் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். பிறகு சொலினாய்டின் சிறிய டெர்மினலில் மல்டிமீட்டரை வைத்துப் பட்டனை அழுத்துங்கள். அதே நொடியில் பேட்டரியில் இருப்பதைவிட 2 வோல்ட்டுக்கு மேல் குறைவாக இருந்தால் குற்றவாளி வழியில்தான் இருக்கிறான்.

முதலில் பேட்டரி டெர்மினல், எர்த் வயர், ஸ்விட்ச் தொடுமுனை மூன்றையும் சுத்தம் செய்யுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் சொலினாய்டுக்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்து நேராக வயர் இழுத்து, நடுவே 30 ஆம்பியர் ரிலே பொருத்துங்கள். பழைய வயர் அந்த ரிலேயை இயக்க மட்டும் பயன்படட்டும். சாவி ஸ்விட்ச்சின் சுமை இறங்கிவிடும், டிக் சத்தம் திரும்ப வராது.

வேலை முடித்தபின் என்ஜினை ஓடவிட்டு, 3,000 சுழற்சியில் பேட்டரி முனையில் ஒரு தடவை அளவு பாருங்கள். 13.8க்கும் 14.4க்கும் இடையே நின்றால் ஆல்டர்னேட்டரும் ரெகுலேட்டரும் நலம். 13க்குக் கீழே இருந்தால் ரெகுலேட்டரின் கனெக்டரைக் கழற்றிப் பின்களைப் பாருங்கள். பழுப்பாகக் கருகிய பின் கண்ணில் பட்டால், ரெகுலேட்டரை வாங்கும் முன் அந்தக் கனெக்டரை மாற்றிப் பாருங்கள்.